சத்தம் டீச்சருக்கு ஓர் அமைதி அறையா?

மேடையில் அமர்ந்திருக்கும் தாளாளர் அவர்களே, தலைமையாசிரியர் அவர்களே, எனக்கு முன்னால் பேசிவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கும் பெருமக்களே, முன்வரிசையில் இருக்கும் டீச்சரின் கணவர் அவர்களே, சக ஆசிரியர்களே, பெற்றோர்களே, இடம் போதாமல் சுவரோரம் நின்று கேட்கும் மாணவச் செல்வங்களே! எல்லோருக்கும் என் வணக்கம்.

எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். ஐந்து நிமிடத்தில் முடிக்கும்படிதான் நானும் எழுதி எடுத்து வந்தேன். தாள் சட்டைப் பையில் இருக்கிறது. ஆனால் இதுவரை இந்த மேடையில் பேசியவற்றைக் கேட்ட பிறகு அதை வெளியே எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

முதலில் பேசியவர் சொன்னார், "டீச்சர் அமைதியே உருவானவர்" என்று. அடுத்துப் பேசியவர் ஒரு படி மேலே போய், "அவர் வகுப்பில் குண்டூசி விழுந்தால் சத்தம் கேட்கும்" என்றார்.

ஐயா பெருமக்களே! நாம் யாருக்காக இங்கே கூடியிருக்கிறோம்? வேறு யாருக்காவது ஏற்பாடு செய்த கூட்டத்துக்கு நான் தெரியாமல் வந்துவிட்டேனா? அந்த வகுப்பில் குண்டூசி இல்லை, பீரோவே விழுந்திருந்தாலும் கேட்டிருக்காது! இந்தப் பள்ளியில் அவரைப் பெயர் சொல்லி அழைத்தவர் உண்டா? காவலாளி முதல் தலைமையாசிரியர் வரை எல்லோருக்கும் அவர் சத்தம் டீச்சர்தான். அவருக்கும் அது தெரியும். தொலைபேசியில் பெற்றோரிடமே "நான் சத்தம் டீச்சர் பேசறேங்க" என்பார்.

இந்தப் புகழ்ச்சியையாவது பொறுத்துக்கொள்ளலாம். தாளாளர் ஐயா அதற்குப் பிறகு ஓர் அறிவிப்பு செய்தார். டீச்சர் பாடம் நடத்திய அறையை அவர் நினைவாக அமைதி வாசிப்பறையாக மாற்றப் போகிறார்களாம். வாசலில் அவர் பெயரில் கல்வெட்டு. உள்ளே 'பேசாதீர்' என்று பலகை. அந்த அறையில் படித்த பிள்ளைகள், புது ஆசிரியர் கிடைக்கும் வரை, மற்ற வகுப்புகளின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டுமாம். எல்லோரும் கைதட்டினீர்கள். நான் தட்டவில்லை. ஏன் தட்டவில்லை என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறேன்.

நான் வரலாற்று ஆசிரியன். டீச்சரின் அறைக்கும் என் அறைக்கும் நடுவே சுவர் கிடையாது, ஒரு பிளைவுட் தடுப்புதான். தடுப்புக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி. அந்த இடைவெளி வழியாக அழிப்பான் உருண்டு வரும், பென்சில் வரும், ஒருநாள் ஒரு செருப்பே வந்தது. ஆகவே டீச்சரைப் பற்றிப் பேச இந்த ஊரில் என்னைவிடத் தகுதி உள்ளவர் யாரும் இல்லை. அவருக்கு நினைவுக் கூட்டம் நடத்துபவர்கள் நீங்கள்; அவர் சத்தத்தை அனுபவித்தவன் நான்!

அந்தப் பக்கம் இருப்பது இணைப்பு வகுப்பு. பெற்றோர்களில் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். நம் பள்ளியில் எல்லாப் பாடமும் ஆங்கிலத்தில் நடக்கிறது. வேறு பள்ளியில், வேறு மொழியில் படித்துவிட்டு நடுவில் வந்து சேரும் பிள்ளைகளை முதலில் அந்த அறையில் உட்கார வைப்போம். முன்பு விளையாட்டுச் சாமான் போட்டு வைத்த அறை அது. மழைக்காலத்தில் இன்னமும் பழைய பந்து வாடை அடிக்கும். அங்கே அவர்கள் ஆங்கிலத்தில் 'இது பேனா, அது மேசை' என்று எழுதிப் பழக வேண்டும். கதை, கவிதை, வரலாறு எல்லாம் ஆங்கிலம் வந்த பிறகுதான். இதுதான் விதி. டீச்சர் வந்து சேர்ந்த பிறகு நடந்த முதல் ஆசிரியர் கூட்டத்திலேயே அந்த விதியின் மேல் பாய்ந்தார்.

"பதினாலு வயசுப் புள்ளைகிட்டப் போய் 'இது பேனா'ன்னா அது என்னங்க சொல்லும்? 'தெரியுதே'ன்னு நினைச்சுக்கிட்டு சும்மா இருக்கும். பேசறதுக்கு முதல்ல ஒரு விஷயத்தைக் குடுங்க. அப்புறமா பேசலைன்னு கோவிச்சுக்குங்க."

கூட்டம் என்ன முடிவெடுத்தது? பரிசீலிக்கப்படும் என்று முடிவெடுத்தது. டீச்சர் காத்திருந்தாரா? மறுநாள் இடைவேளையில் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"சார், உங்க பஞ்சாலைத் தீ விபத்துப் பாடத்தைக் கொஞ்சம் குடுங்க."

"அதுக்கு நிறைய இங்கிலீஷ் வேணுமே டீச்சர்."

"அதுக்காகத்தான் கேக்கறேன்."

கொடுத்தேன். ஒழுங்காக, தலைப்பும் துணைத்தலைப்புமாக நான் தயாரித்து வைத்திருந்த பாடம். அதைக் கத்தரிக்கோலால் வெட்டினார்! என் கண் முன்னாலேயே வெட்டினார்! ஒரு துண்டில் ஆலை முதலாளியின் அறிக்கை: கதவு திறந்திருந்தது. ஒரு துண்டில் பத்திரிகைச் செய்தி: கதவைப் பற்றித் தகவல் இல்லை. மூன்றாவது துண்டில் தப்பிப் பிழைத்த ஒரு பெண் தொழிலாளியின் சாட்சியம்: கதவு பூட்டியிருந்தது. வகுப்பை மூன்று குழுவாகப் பிரித்து ஆளுக்கு ஒரு துண்டு. அடுத்த குழுவின் தாளை எட்டிப் பார்க்கக் கூடாது. வாயைத் திறந்து கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், அதுவும் ஆங்கிலத்தில். கடைசியில் எல்லோரும் சேர்ந்து அன்றைக்கு உண்மையில் என்ன நடந்தது என்று எழுத வேண்டும்.

தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் ஓர் உடன்படிக்கைப் பாடத்தை நடத்திக்கொண்டிருக்கிறேன். அந்தப் பக்கம் ஆரம்பித்தது பாருங்கள்!

"டோர் ஓப்பன்?"

"நோ ஓப்பன்! லாக்!"

"ஹூ லாக்?"

"ஏய், சாவி எங்க... நோ, நோ, கீ வேர்? கீ வேர்?"

தடுப்பு ஆடியது. ஆணி ஒன்று பிடுங்கிக்கொண்டு என் வரைபடத்தின் மேல் விழுந்தது. என் மாணவர்கள் உடன்படிக்கையை விட்டுவிட்டுக் கதவு பூட்டியிருந்ததா இல்லையா என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். பொறுக்க முடியாமல் நான் எழுந்து போனேன்.

உள்ளே மேசைகளெல்லாம் தாறுமாறாகக் கிடந்தன. ஒரு தடிப்பையன் நாற்காலியைத் தூக்கி மேசைமேல் போட்டு அதில் உட்கார்ந்திருந்தான். அவன்தான் ஆலை முதலாளியாம். அவனுக்கு எதிரே ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். அவளை எனக்குத் தெரியும். வந்து சேர்ந்த நாளிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவள். வருகைப் பதிவின்போதுகூடக் கையை மட்டும் தூக்குவாள். இந்தப் பிள்ளைக்குப் பேச்சு வருமா வராதா என்று மருத்துவரிடம் காட்டச் சொல்லி அலுவலகத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் அந்தப் பையனை அண்ணாந்து பார்த்துக் கேட்டாள்:

"ஒய் யூ லாக்?"

பையன் நெளிந்தான். "தே... தே டேக் காட்டன். ஸோ லாக்."

பஞ்சைத் திருடுகிறார்கள், அதனால் பூட்டினேன் என்கிறான். அவள் கொஞ்சம் யோசித்தாள். சொல் கிடைக்காமல் கையைப் பிசைந்தாள். பிறகு கேட்டாள்:

"காட்டன் பிக்? ஆர் கேர்ள் பிக்?"

பஞ்சு பெரியதா, பெண் பெரியவளா? முதலாளி நாற்காலியில் இருந்த பையன் திரும்பி டீச்சரைப் பார்த்தான். டீச்சர் வாயே திறக்கவில்லை. நான் ஆசிரியன் இல்லையா? சும்மா இருக்க முடியுமா? "'ஒய் டிட் யூ லாக்'னு வரணும்மா" என்றேன். டீச்சர் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார்.

"சார், புண்ணியமாப் போகும், கொஞ்ச நேரம் பேசாம இருங்க. அந்தப் பொண்ணு கேள்வி கேட்டுட்டு நிக்குது."

நான் அன்றைக்குச் சொன்னதையே இன்றைக்கும் சொல்கிறேன். அங்கே 'டிட்' வர வேண்டும்! அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மறுநாள் டீச்சர் என்ன செய்தார் தெரியுமா? அந்தப் பெண்ணின் கேள்வியை அப்படியே பலகையில் எழுதினார். "இவ கேட்டா பாருங்க, இதுலேருந்து அந்த முதலாளி தப்பிச்சுடுவான். நான் இப்ப எதையும் பூட்டலையேன்னு சொல்லிடுவான். அன்னிக்கு நீ பூட்டினியேன்னு அவனை எப்படி மடக்கறது?" என்று கேட்டார். பிள்ளைகள் அடித்துப் பிடித்துக்கொண்டு 'டிட்'டைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகு அதை மறக்கவே இல்லை. வருடம் முழுவதும் நான் தொண்டை வற்றக் கத்தினாலும் ஏறாத 'டிட்', அவர் ஒரு கேள்வி கேட்டதும் ஏறிவிட்டது. எனக்கு எரிச்சல் வருமா, வராதா? நீங்களே சொல்லுங்கள்!

அந்தப் பெண் இப்போது என் வகுப்பில் இருக்கிறாள். மூன்றாம் தூணுக்குப் பக்கத்தில் நிற்கிறாள். குனிந்துகொள்ளாதே அம்மா, உன்னைத் திட்டவில்லை. ஆனால் நான் படும் பாட்டைச் சொல்லாமல் இருக்க முடியுமா? ஒரு வாக்கியம் சொல்லி முடிப்பதற்குள் கை எழும்பிவிடும். "சார், இதை யாரு சொன்னாங்க? அவங்க அங்க இருந்தாங்களா?" எனக்கு மட்டும் இந்தக் கதி என்றால் பரவாயில்லை. அவளுடைய அம்மா ஒருநாள் பள்ளிக்கே வந்துவிட்டார். இங்கேதான் இருக்கிறார், பொய் சொன்னால் எழுந்து மறுப்பார்.

"டீச்சர், பக்கத்து வீட்டுல நடந்த சண்டையைப் பத்தி நாங்க ரெண்டு பேர் பேசிட்டிருந்தா, இவ நடுவுல வந்து 'நீ நேர்ல பாத்தியாம்மா? உனக்கு யாரு சொன்னாங்க? அவங்களுக்கும் இவங்களுக்கும் ஆகுமா, ஆகாதா?'ன்னு கேக்கறா. வீட்டுல நிம்மதியா ஒரு வம்பு பேச முடியலைங்க!"

டீச்சர் கொஞ்சமாவது சமாதானம் சொல்ல வேண்டாமா? "அப்ப நேர்ல பாத்துட்டு வந்து பேசுங்களேன்" என்றார். அந்த அம்மா சிரித்துக்கொண்டே போய்விட்டார். அடுத்த மாதம் தன் தங்கை பிள்ளையையும் கொண்டுவந்து அதே வகுப்பில் சேர்த்தார்.

இப்படியே போயிருந்தால் நான் தலைவலி மாத்திரையோடு காலத்தை ஓட்டியிருப்பேன். ஆனால் மேற்பார்வை அதிகாரி வந்தார். அவர் வந்த நேரம் பார்த்து டீச்சர் வகுப்பில் ஒரு கதை நடந்துகொண்டிருந்தது. நாற்காலிகள் வரிசையில் இல்லை. பாதிப் பிள்ளைகள் தரையில். அதிகாரி ஒரே ஒரு கேள்வி கேட்டார். அந்தப் பெண் அப்போது இன்னும் இணைப்பு வகுப்பில்தான் இருந்தாள்; அவளைத்தான் எழுப்பிக் கேட்டார், பெயர்ச்சொல் எத்தனை வகை என்று. அவள் விழித்தாள். அதிகாரி தலைமையாசிரியர் பக்கம் திரும்பி, "அடிப்படையே இல்லைங்க" என்றார்.

அவள் விட்டாளா? கையைத் தூக்கினாள். "சார், யூ ரீட் மை நோட்?"

என் நோட்டைப் படித்தீர்களா என்கிறாள். அதிகாரி, "நோ" என்றார்.

"தென் ஹவ் டூ யூ நோ?"

அப்புறம் எப்படித் தெரியும் என்கிறாள். பிழையே இல்லாத வாக்கியம், கவனித்தீர்களா? அதிகாரி கவனிக்கவில்லை. அவருக்கு முகம் சிவந்துவிட்டது. அந்த வாரமே ஆணை வந்தது: இணைப்பு வகுப்பில் இலக்கியமும் வரலாறும் நிறுத்தப்பட வேண்டும், இலக்கணப் பயிற்சி மட்டும் நடக்க வேண்டும். டீச்சர் ஆணையை வாங்கி மடித்து வைத்தார். கால அட்டவணையில் எல்லாப் பீரியடிலும் 'இலக்கணம்' என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினார். உள்ளே அதே கதை, அதே விசாரணை, அதே கூச்சல்! தலைமையாசிரியர் கேட்டதற்கு, "இலக்கணம்தான் சார் நடக்குது. கொஞ்சம் சத்தமா நடக்குது" என்றார். தலைமையாசிரியர் ஐயா சிரிக்கிறார். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை. ஆனால் மேலே எழுதியும் போடவில்லை. அதற்காக இந்த மேடையில் அவருக்கு நன்றி சொல்கிறேன்.

துண்டுச் சீட்டு ஒன்று வந்திருக்கிறது. 'சுருக்கவும்' என்று எழுதியிருக்கிறது. ஐயா, இனிமேல் நான் சொல்லப்போவதை எனக்கே சுருக்கமாகச் சொல்லி முடித்துவிட வேண்டும் என்றிருக்கிறது. நீட்டிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

டீச்சருக்கு நெஞ்சு சரியில்லை. மருத்துவர் படுத்து ஓய்வெடுக்கச் சொன்னார். அவர் கேட்டாரா? "விசாரணை பாதியில நிக்குது சார், இப்பப் போய் எப்படிப் படுக்கறது?" என்றார். ஒவ்வொரு பாடத்துக்கும் மேசைகளை நகர்த்த ஓர் உதவியாள் கேட்டார். எல்லாக் கூட்டத்திலும் கேட்டார். பரிசீலித்தோம். எல்லாக் கூட்டத்திலும் பரிசீலித்தோம். டீச்சர், உங்கள் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. பரிசீலித்தவர்கள் மேல் எவ்வளவு கோபமோ அவ்வளவு உங்கள் மேலும். ஒரு மாதம் வகுப்பு நின்றிருந்தால் என்ன? பஞ்சாலை முதலாளி எங்கே ஓடியிருப்பான்?

மருத்துவமனைக்குப் பார்க்கப் போனேன். பழம் வாங்கிக்கொண்டு போனேன். மூக்கில் குழாய். கண்ணைத் திறந்ததும் கேட்டார்:

"சார், புள்ளைங்க கூரையை விட்டு இறங்கிட்டாங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நினைவு தடுமாறுகிறது என்றுதான் நினைத்தேன். அவர் கணவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "அது கதைங்க சார்" என்று விளக்கினார். வெள்ளம் வந்த ஊரில் கூரைமேல் நான்கு பேர். மூன்று பேர் ஏறக்கூடிய படகு வருகிறது. வகுப்பு நான்கு குழுவாகப் பிரிந்து, ஆளுக்கு ஒருவர் பக்கம் நின்று வாதாடுகிறது. கதையின் முடிவு உள்ள பக்கத்தை டீச்சர் யாரிடமும் காட்டவில்லை.

"என்கிட்டயும் சொல்லலைங்க. கேட்டா, 'நீங்களா இருந்தா யாரை விட்டுட்டு வருவீங்க'ன்னு திருப்பிக் கேக்கறா. எனக்குப் பசிக்குது, முதல்ல சோத்தைப் போடுன்னேன்" என்றார் கணவர். அந்த நிலையிலும் டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் இருமல் வந்தது.

"முடிவைச் சொல்லிடுங்க டீச்சர். நான் போய்ப் புள்ளைங்ககிட்ட சொல்லிடறேன்" என்றேன்.

"சொல்லிடறீங்களா? சொல்லிட்டா அப்புறம் அவங்க எதுக்குப் பேசணும்? கதை நூலகத்துலயே இருக்கு. ஆனா அவங்க பேசி ஒரு முடிவுக்கு வரட்டும். அதுக்கப்புறம் படிச்சுக் காட்டுங்க. எழுதினவரு செஞ்சது சரியான்னு கேளுங்க. அப்பதான் அசல் சண்டையே ஆரம்பிக்கும்."

பழத்தைத் தொடவில்லை. எனக்கு வேலை கொடுத்து அனுப்பிவிட்டார். மறுநாள் காலை அவர் கணவர் தொலைபேசியில் அழைத்தார். நான் எடுத்தேன். "முடிஞ்சு போச்சுங்க சார்" என்றார்.

இறுதி ஊர்வலத்தில் இணைப்பு வகுப்புப் பிள்ளைகள் என் பின்னாலேயே நடந்து வந்தார்கள். அழுதுகொண்டே வந்தார்கள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஒருவன் என் கையைத் தொட்டு, "சார், கடைசியில கூரைமேல யாரு நின்னாங்க?" என்று கேட்டான். இடம், காலம் பார்க்க வேண்டாமா என்று அதட்டத்தான் திரும்பினேன். அவன் பின்னால் முழு வகுப்பும் பதிலுக்காக என் முகத்தைப் பார்த்தது. டீச்சர் போய்விட்டார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இந்தப் பிள்ளைகளையா கடைசி பெஞ்சில் உட்கார வைத்துப் பலகையைப் பார்த்து எழுதச் சொல்லப்போகிறோம்? இவர்கள் இருந்த அறையிலா 'பேசாதீர்' என்று எழுதி மாட்டப்போகிறோம்? இதற்குப் பெயர் நினைவுச்சின்னமா?

என்ன தாளாளர் ஐயா? 'கமிட்டியில் பேசிக்கொள்ளலாம்' என்கிறீர்களா? கமிட்டியில் நாம் என்ன செய்வோம் என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அதனால்தான் இங்கே பேசுகிறேன்.

டீச்சரின் கணவர் எழுந்து ஏதோ சொல்கிறார். மைக் எட்டவில்லை. பின்னால் இருப்பவர்களுக்காக நானே சொல்லிவிடுகிறேன். அவர் சொன்னது இதுதான்: "அவ வீட்டுல போன் பேசினாலே நான் மாடிக்கு ஓடிடுவேன். அவ பேருல அமைதி அறையாங்க? வேணாங்க. ஊரு சிரிக்கும்."

தாளாளர் ஐயா தலையசைக்கிறார். சரி என்று தலையசைக்கிறாரா, போதும் இறங்கு என்று தலையசைக்கிறாரா என்று இங்கிருந்து தெரியவில்லை. இல்லை, வாய் திறந்தே சொல்கிறார்: "வகுப்பு அங்கேயே நடக்கட்டும்." நன்றி ஐயா. இத்தனை பேர் காதாரக் கேட்டிருக்கிறார்கள், இனி மாற்ற முடியாது.

சபதம், சூளுரை என்று முழங்க எனக்கு வராது. நடக்கப்போவதை மட்டும் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தச்சர் வருகிறார். பிளைவுட் தடுப்பைக் கழற்றச் சொல்லியிருக்கிறேன். அனுமதி வாங்கவில்லை, இப்போது வாங்கிக்கொள்கிறேன். இனி என் வகுப்பும் இணைப்பு வகுப்பும் வரலாற்றுக்கும் கதைக்கும் ஒரே அறை. ஆங்கிலம் தெரிந்தவனும் தெரியாதவனும் ஒருவனை ஒருவன் கேட்டுத்தான் ஆக வேண்டும். மேசைகளை நகர்த்துவதை மாணவர்களும் நானும் பார்த்துக்கொள்கிறோம். அதற்கு யாரும் பரிசீலிக்க வேண்டாம். டீச்சரைப் போல எனக்குச் செய்ய வராது. தப்புத் தப்பாகத்தான் செய்வேன். நடுவில் புகுந்து இலக்கணம் திருத்துவேன், அந்தப் பழக்கம் என்னை விட்டுப் போகாது. அப்போது யாராவது என் சட்டைக் கையைப் பிடித்து இழுங்கள்.

நூலகத்தில் அந்தக் கதையைத் தேடி எடுத்துவிட்டேன். முடிவையும் படித்துவிட்டேன். எழுதியவர் செய்தது எனக்குச் சரியாகப் படவில்லை. இரண்டு நாளாகத் தனியாக அவரோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். பேச ஆளில்லை.

இணைப்பு வகுப்புப் பிள்ளைகளே! உங்களுக்கு ஆங்கிலம் எப்போது வரும் என்று எனக்குத் தெரியாது. அது வரட்டும் என்று யாரும் காத்திருக்கப் போவதில்லை. வகுப்பு திங்கட்கிழமை முதல் பீரியட். எல்லோரும் வந்துவிடுங்கள்.

வணக்கம்.